வெந்தயம் மணக்கும் மஞ்சள் ஒயின்

ஒயின் பாட்டில் என்றால் பிரான்ஸில் முக்கால் லிட்டர். நாட்டின் கிழக்கு விளிம்பில், சுவிட்சர்லாந்தை ஒட்டிய ஜூரா வட்டாரத்தில் மட்டும் குட்டையான, தோள் அகன்ற ஒரு பாட்டில் உண்டு. கிளாவ்லான் என்பது அதன் பெயர். அதில் 62 சென்டிலிட்டர்தான் பிடிக்கும். இந்த விநோத அளவுக்கு ஜூராக்காரர்கள் சொல்லும் காரணம் எளிது. ஒரு லிட்டர் ஒயினைப் பீப்பாயில் ஊற்றி ஆறு வருடத்துக்கு மேல் தொடாமல் வைத்தால் மிஞ்சுவது அவ்வளவுதான். மற்றது ஓக் மரத்தின் நுண்துளைகள் வழியே ஆவியாகிப் போய்விடுகிறது.

தொடாமல் வைப்பதுதான் இதில் வித்தை. ஒயின் செய்யும் ஊர்களில் பெரும்பாலும் பீப்பாய் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். இடைவெளி விட்டால் காற்று புகும். காற்று புகுந்தால் வினிகர் பாக்டீரியா பெருகி ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும். ஜூராவின் வான் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின், அந்த இடைவெளியை நம்பியே பிறக்கிறது. சாவன்யான் என்ற வெள்ளைத் திராட்சையைத் தாமதமாகப் பறித்து, சர்க்கரை முழுவதும் தீரும்வரை நொதிக்கவிட்டு, 228 லிட்டர் பீப்பாயில் ஊற்றி வைத்துவிடுகிறார்கள். சில மாதங்களில் ஒயினின் மேல் பாலாடை போல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. அத்தனையும் உயிருள்ள ஈஸ்ட்.

ரொட்டி மாவை உப்பவைக்கும் அதே ஈஸ்ட் இனம்தான் இதுவும். ஆனால் சர்க்கரை தீர்ந்த பின் மற்ற ஈஸ்ட்டுகள் அடியில் படிந்து அடங்கிவிட, இந்த வகைகள் மேலே ஏறி மிதக்கின்றன. இவற்றின் செல்சுவரில் தண்ணீரோடு ஒட்டாத ஒரு புரதம் மிகுதியாக உருவாகிறது. அதனால் செல்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன; தாங்களே வெளியிடும் கார்பன் டைஆக்சைடு குமிழிகளைச் சிறைப்பிடித்துத் தெப்பமாகின்றன. மேலே காற்று, கீழே ஆல்கஹால். நொதித்தலை விட்டுவிட்டுச் சுவாசத்துக்கு மாறிய ஈஸ்ட், தான் உண்டாக்கிய ஆல்கஹாலையே இப்போது உணவாக்கிக்கொள்கிறது. உள்ளே வரும் ஆக்சிஜனையும் அதுவே எடுத்துக்கொள்வதால் கீழிருக்கும் ஒயினை எட்டுவது மிகக் கொஞ்சம். கெடுக்க வந்த காற்றைக் காவல்காரனுக்குத் தீனியாகப் போடும் ஏற்பாடு இது. ஸ்பெயினின் ஷெர்ரியிலும் இப்படியொரு படலம் உண்டு. ஆனால் அங்கே வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்த்து ஒயினை உறுதிப்படுத்துகிறார்கள். ஜூராவில் எதுவும் சேர்ப்பதில்லை.

படலத்தின் வேலையால் ஒயினில் அசிட்டால்டிஹைடு சேர்கிறது. அடிபட்ட ஆப்பிளும் வால்நட்டும் கலந்த வாசனை அதனுடையது. இறந்த செல்கள் மெல்ல அடியில் இறங்குகின்றன. திரியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாகும் ஒரு கீட்டோ அமிலம் அவற்றிலிருந்து கசிந்து அசிட்டால்டிஹைடோடு கூடி, பல வருடங்கள் கழித்து சோட்டோலோன் என்ற மூலக்கூறைத் தருகிறது. லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். நம் சமையலறையில் வெந்தயத்துக்கு மணம் தருவதும் இதே மூலக்கூறுதான். மஞ்சள் ஒயினை முகர்பவர்கள் கறிமசாலா வாசனை என்று எழுதிவைப்பது வர்ணனைக்காக அல்ல; வேதியியலும் அதையே சொல்கிறது.

இந்த மூலக்கூறு ஒருமுறை நியூயார்க் நகரையே குழப்பியது. 2005 முதல் சில ஆண்டுகள், நகரத்தின் மேல் அவ்வப்போது மேப்பிள் பாகு வாசனை வீசி மறைந்தது. மக்கள் பயந்து அவசர உதவி எண்ணை அழைத்தார்கள். காற்றின் திசையைக் கணக்கிட்டுத் தேடிய அதிகாரிகள் 2009இல் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள்: ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியில், வெந்தயத்திலிருந்து வாசனைச் சத்து எடுத்த ஓர் ஆலை.

ஜூராவுக்கே திரும்புவோம். ஜுராசிக் காலம் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பெயர் இந்த மலையிலிருந்து போனதுதான். 1795இல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் இங்குள்ள சுண்ணாம்புக்கல்லுக்கு மலையின் பெயரை இட்டார். பிறகு அது புவியின் ஒரு யுகத்துக்கே பெயராயிற்று. பழங்கடலின் அடியில் படிந்த நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண்ணில்தான் சாவன்யான் செழிக்கிறது. அந்தக் கொடியின் வயதும் லேசானதல்ல. பிரான்ஸின் ஓர்லியான் நகர அகழாய்வில் கிடைத்த, சுமார் 900 ஆண்டு பழைய திராட்சை விதை ஒன்றின் மரபணுவை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இன்றைய சாவன்யானோடு அது அச்சாக ஒத்திருந்தது. விதை போட்டு வளர்த்தால் திராட்சை குணம் மாறிவிடும் என்பதால் குச்சி வெட்டி நட்டே பெருக்குவது வழக்கம். ஆக, 900 வருடமாக ஒரே செடியைத்தான் கைமாற்றிக் கைமாற்றி நட்டிருக்கிறார்கள்.

வட்டாரத்தின் நடுநாயகமான ஊர் ஆர்புவா. 1936இல் பிரான்ஸ் ஒயினுக்கு ஊர்ப்பெயர் உரிமையை வழங்கத் தொடங்கியபோது முதலில் அதைப் பெற்றவற்றில் ஆர்புவாவும் ஒன்று. ஆனால் ஊரின் பெரிய பெருமை லூயி பாஸ்டர். 1822இல் பக்கத்து டோல் நகரில் பிறந்தவர் வளர்ந்தது இங்கேதான். 1863இல் மூன்றாம் நெப்போலியன், பிரெஞ்சு ஒயின் ஏன் கெட்டுப்போகிறது என்று பார்க்கச் சொன்னபோது பாஸ்டர் மைக்ரோஸ்கோப்போடு வந்து இறங்கியது சொந்த ஊருக்குத்தான். நுண்ணுயிர்களே கெடுக்கின்றன, 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் அவை அடங்கும் என்று காட்டினார். பால் பாக்கெட்டில் நாம் படிக்கும் ‘பாஸ்டரைஸ்டு’ என்ற சொல்லின் வேர் ஒயினில் இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய 1878 சோதனை. நொதித்தலுக்கு ஈஸ்ட் தேவையில்லை, சாறு தானே நொதிக்கும் என்ற வாதம் மீண்டும் தலைதூக்கிய சமயம். ஆர்புவா அருகே தன் தோட்டத்தில், காய் பச்சையாக இருக்கும்போதே சில கொடிகளைக் கண்ணாடிக் கூண்டுகளால் மூடினார். குலைகளைப் பஞ்சால் சுற்றினார். பழுத்த பின் பிழிந்த சாறு நொதிக்கவே இல்லை. ஈஸ்ட் வெளியிலிருந்துதான் வருகிறது என்பது உறுதியாயிற்று. அதைச் சுமந்து வருபவற்றில் குளவியும் உண்டு என்று 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். குளவியின் குடலில் குளிர்காலம் முழுவதும் தங்கி, அடுத்த பருவத்துப் பழத்துக்கு ஈஸ்ட் வந்து சேர்கிறது.

பாஸ்டரின் ஊரை அடுத்த புப்பியான் கிராமத்தில்தான் நூறு வருடம் கழித்து எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. 1980களில் பியேர் ஓவர்னுவா என்ற விவசாயி நுண்ணுயிரையும் ஆக்சிஜனையும் அடக்கும் கந்தக டைஆக்சைடைச் சேர்க்காமல் ஒயின் செய்தார். போஜோலே வட்டாரத்து வணிகரும் வேதியியலாளருமான ஜூல் ஷோவே காட்டிய வழி அது. வெள்ளை ஒயினில் இது சிவப்பைவிடக் கடினம். தோலோடு சேர்ந்து நொதிக்கும் சிவப்பு ஒயினுக்கு, ஆக்சிஜனைத் தாங்கும் டானின் கிடைத்துவிடுகிறது. வெள்ளைச் சாறு முதலிலேயே தோலிலிருந்து பிரிக்கப்படுவதால் அந்தக் கவசம் இல்லை. கந்தகத்தையும் விட்டுவிட்டால் மிச்சமிருப்பது கையால் பொறுக்கிய பழுதற்ற பழம், குளிர்ந்த நிலவறை, மாசில்லாத பீப்பாய், ஆக்சிஜனை உறிஞ்சும் அடிமண்டி, அதற்கு மேல் பொறுமை.

இப்படிச் செய்வதை இயற்கை ஒயின் என்கிறார்கள். அது அறிவியலைக் கைவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. விற்பவர்களிலேயே சிலர் அப்படிப் பேசுகிறார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து. மருந்து போட்டு எல்லா நுண்ணுயிரையும் அடக்குபவருக்கு அவற்றின் குணம் தெரிய வேண்டியதில்லை. அடக்காமல் விடுபவருக்குத்தான் எது காப்பது, எது கெடுப்பது என்று பாஸ்டர் பிரித்துக் காட்டியது ஒவ்வொரு நாளும் வேண்டியிருக்கிறது. மஞ்சள் ஒயின் பீப்பாய்களையும் அவ்வப்போது சோதித்து, காடியை நோக்கிச் சாய்வதை ஒதுக்கிவிடுகிறார்கள். மலையுச்சி கிராமமான ஷாட்டோ ஷாலோனின் கண்டிப்பு இன்னும் ஒரு படி மேல்: விளைச்சல் தரம் போதவில்லை என்று 1974, 1980, 1984, 2001 ஆண்டுகளில் ஊர்ப்பெயரிட்டு ஒரு பாட்டில்கூட வெளியிடவில்லை.

தேறியது நெடுங்காலம் நிற்கும். 1774ஆம் ஆண்டு மஞ்சள் ஒயின் பாட்டில் ஒன்று 2018இல் லோன்-லெ-சோனியே நகரில் 1,03,700 யூரோவுக்கு ஏலம் போனது. பாஸ்டர் பிறப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே, ஈஸ்ட் என்ன என்று தெரியாமலே செய்த ஒயின் அது.

இயற்கை ஒயினுக்கென்று பிரான்ஸில் 2020இல்தான் ஒரு முத்திரை அங்கீகாரம் பெற்றது. அங்கக முறையில் விளைந்த, கையால் பறித்த திராட்சை. பழத்தோடு வந்த ஈஸ்ட். சல்பைட், அதாவது கந்தக டைஆக்சைடு, சேர்க்கவே கூடாது, அல்லது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சாதாரண வெள்ளை ஒயினுக்கு ஐரோப்பியச் சட்டம் 200 வரை அனுமதிக்கிறது. எதுவும் சேர்க்காவிட்டாலும் சல்பைட் அறவே இல்லாமல் போகாது. நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் உண்டாக்கிவிடும். ஆல்கஹாலோ எல்லா ஒயினிலும் ஒன்றே. குடிப்பதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தபோது இயற்கை ஒயினுக்கு விலக்கு எதுவும் தரவில்லை.