சம்பல் பள்ளத்தாக்கின் பறவைத் தலங்கள்: மணல்திட்டில் முட்டையிடும் ஸ்கிம்மரும் மறையும் நீரும்

சென்னையிலிருந்து புது தில்லி செல்லும் ரயில்கள் குவாலியரைத் தாண்டிய பின்னர், மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் இடையே ஆற்றுப் பாலம் ஒன்றைக் கடக்கின்றன. இருபுறமும் மழைநீர் அரித்துப் பிளந்த பழுப்பு நிற மண்மேடுகள். கீழே, வட இந்தியச் சமவெளியில் எதிர்பார்க்க முடியாத தெளிவுடன் ஓடும் நீர். அதுவே சம்பல் ஆறு. கொள்ளையர் கதைகளின் வழியாகவே பெரும்பாலானோர் அறிந்துள்ள இந்தப் பள்ளத்தாக்கு, நாட்டின் முக்கியமான ஆற்றோரப் பறவைத் தலங்களில் ஒன்றாகும்.

மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகருக்கு அருகே ஜானாபாவ் குன்றுகளில் தோன்றும் சம்பல், சுமார் 960 கி.மீ. பயணித்து உத்தரப் பிரதேசத்தில் யமுனையுடன் கலக்கிறது. முதலில் மத்தியப் பிரதேசத்துக்கும் ராஜஸ்தானுக்கும், பின்னர் மத்தியப் பிரதேசத்துக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் இதுவே எல்லை. ஆற்றின் 400 கி.மீ.க்கும் மேற்பட்ட நீளம் தேசிய சம்பல் சரணாலயமாக 1970-களின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. மூன்று மாநிலங்கள் பங்கிட்டு நிர்வகிக்கும் இந்தச் சரணாலயம் முதன்மையாகக் கரியால் எனப்படும் நீள்மூக்கு முதலையைக் காப்பாற்றவே உருவாக்கப்பட்டது. அதன் நிழலில் பறவைகளும் பாதுகாப்புப் பெற்றன. இங்கு 300-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன.

இந்த ஆறு இத்தனை காலம் தூய்மையாக இருந்ததற்கு ஒரு சாபமும் காரணம் என்பர். மகாபாரதம் இதனைச் சர்மண்வதி என்று குறிக்கிறது. ரந்திதேவ மன்னனின் வேள்வியில் பலியிடப்பட்ட விலங்குகளின் தோல்களிலிருந்து வழிந்த நீரே ஆறானது என்பது கதை. அதனால் கங்கை, யமுனைக் கரைகளைப் போலப் பெருந்தலங்கள் இங்கு எழவில்லை. சாபத்தை நம்பாதவர்களுக்கு நிலவியல் போதும்: வண்டி போக முடியாத பள்ளங்கள், உழ முடியாத மேடுகள், அவற்றில் ஒளிந்திருந்த கொள்ளைக் கூட்டங்கள். கோட்டா நகருக்குக் கீழே ஆற்றங்கரையில் பெருநகரம் ஏதும் இல்லை. மனிதர்கள் அஞ்சி விலகிய இடத்தைப் பறவைகள் எடுத்துக்கொண்டன.

கோட்டாவிலிருந்து பச்நதா வரை

பறவை நோக்குவோர் ஆற்றின் போக்கிலேயே செல்வது நல்லது. தொடக்கம் ராஜஸ்தானின் கோட்டா. நகருக்கு மேலே, ஜவாஹர் சாகர் அணையை நோக்கிச் செல்லும் பகுதியில் ஆறு செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஓடுகிறது. அந்தச் சுவர்களின் விளிம்புகளில் கருங்கழுத்துப் பாறுகள் கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்தினால் நாடெங்கும் பாறுக் கழுகுகள் அழிந்துபோன நிலையில், இப்பாறைகளில் எஞ்சியுள்ள கூடுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. கரடியா மகாதேவ் கோயில் அருகே மேலிருந்து பார்த்தால், ஆறு வளைந்து திரும்பும் முழுக் காட்சியும் கிடைக்கும். கழுகுகள் அங்கு நம் கண்மட்டத்துக்குக் கீழே வட்டமிடும்.

கோட்டா தடுப்பணைக்குக் கீழே காட்சி மாறுகிறது. காளிசிந்து, பார்வதி ஆகிய துணையாறுகள் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. ரணதம்போர் புலிகள் காப்பகத்துக்கு அண்மையிலுள்ள பாலிகாட் துறையில் படகுச் சவாரி உண்டு. புலி பார்க்க வருவோர் பலர் ஒரு காலைப்பொழுதை இங்கு செலவிடுகின்றனர். சற்றுக் கீழே சம்பல், பனாஸ், சீப் ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடத்துக்கு ராமேஷ்வர் காட் என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டு சற்று நின்றுவிடுவது இயல்பு.

ஆனால் பறவைகளுக்காக மட்டும் செல்பவர்கள் தோல்பூர்–மொரேனா பகுதிக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். கன்னியாகுமரியில் முடியும் அதே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கு ஆற்றைக் கடக்கிறது. குளிர்காலத்தில் இப்பகுதியின் மணற்கரைகளில் வரித்தலை வாத்துகள் கூட்டமாக அமர்ந்திருக்கும். இமயமலையைக் கடந்து வரும் இவை, தமிழ்நாட்டின் கூந்தன்குளத்துக்கும் வருபவையே. வடமொழிக் காவியங்களில் இரவில் இணையைப் பிரிந்து வாடுவதாகப் பாடப்படும் சக்கரவாகப் பறவை இங்கு சோடி சோடியாகத் திரிவதைக் காணலாம். ஆற்று ஆள்காட்டி, ஆற்று ஆலா, கருவயிற்று ஆலா, மஞ்சள் கண்களைக் கொண்ட கண்கிலேடி ஆகியவை ஆண்டு முழுவதும் இருப்பவை. மொரேனா மாவட்டம் தேவ்ரியில் முதலை முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை ஆற்றில் விடும் மையம் ஒன்றும் செயல்படுகிறது.

அங்கிருந்து கீழே பிண்ட் மாவட்டத்தின் அடேர் கோட்டை, எடாவா மாவட்டத்தின் சஹ்சோன் ஆகியவற்றைக் கடந்து பயணம் பச்நதாவில் முடிகிறது. யமுனை, சம்பல், சிந்த், குன்வாரி, பஹூஜ் ஆகிய ஐந்து ஆறுகள் கூடும் இடம் அது. எடாவா வரை செல்பவர்கள், ராம்சார் பட்டியலிலுள்ள சர்சாய் நாவர் ஏரியையும் பார்த்துவிடலாம். உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவையான சாரஸ் கொக்கு அங்கு வயல்களிடையே மனிதர்களைப் பொருட்படுத்தாமல் நடமாடுகிறது.

நீரைக் கிழிக்கும் அலகு

இத்தனை இனங்கள் இருந்தாலும் பலரைச் சம்பலுக்கு இழுப்பது ஒரே பறவை: இந்திய ஸ்கிம்மர். நீரைக் கிழிப்பது என்னும் பொருளில் உள்ளூர் மக்கள் இதனைப் பன்சிரா என்கின்றனர். கறுப்புத் தலை, வெண் கழுத்து, நுனி மட்டும் மஞ்சளான செம்மஞ்சள் அலகு. அந்த அலகின் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிட நீளமானது. நீர்ப்பரப்பை ஒட்டிப் பறந்தபடியே கீழலகை நீரில் இறக்கி, கத்தியால் கோடு போடுவதுபோல் இழுத்துச் செல்லும். மீன் தட்டுப்பட்டவுடன் மேலலகு மூடிக்கொள்ளும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு இரண்டு அலகுகளும் ஏறத்தாழ ஒரே நீளம். வளர வளரத்தான் கீழலகு நீள்கிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் இந்தப் பறவையின் நிலையை 'பாதிக்கப்படக்கூடியது' என்பதிலிருந்து 'அருகிவிட்டது' என்ற பிரிவுக்கு மாற்றியது. வளர்ந்த பறவைகளின் எண்ணிக்கை உலகெங்கும் மூவாயிரத்துக்கும் குறைவு என்பதே மதிப்பீடு. அவை இனப்பெருக்கம் செய்யும் மிக முக்கியமான இடங்களில் ஒன்று சம்பல்.

சிக்கல் அவை கூடு கட்டும் முறையில் இருக்கிறது. கூடு என்று சொல்வதே மிகை. மழைக்கால வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த மணல், குளிர்காலத்தில் நீர் வடிய வடிய ஆற்றின் நடுவே திட்டுகளாக எழுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அத்திட்டுகளின் வெறும் மணலில் ஒரு சிறு குழி பறித்து ஸ்கிம்மர் முட்டையிடுகிறது. மரம் இல்லை, புதர் இல்லை, மறைவு இல்லை. திட்டைச் சுற்றி ஓடும் நீர் ஒன்றே வேலி. ஆலாக்களும் ஆள்காட்டிகளும் அதே திட்டில், அதே நம்பிக்கையில் முட்டையிடுகின்றன.

சுமார் மூன்று வாரங்கள் அடைகாக்க வேண்டும். அந்த நாள்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். மணல் அதைவிடச் சூடேறும். ஆகவே பெற்றோர் பறவைகள் ஆற்றில் வயிற்றை நனைத்துவந்து முட்டைகளின் மீது அமர்கின்றன. முட்டைக்குச் சூடு கொடுப்பதைவிட, சூட்டிலிருந்து அதைக் காப்பதே இங்கு அடைகாத்தலின் பெரும்பகுதி. ஒரு சுற்றுலாப் படகு திட்டில் கரையேறி, பறவைகள் அரைமணி நேரம் எழுந்து பறந்தபடி இருந்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வேலி வறளும்போது

நீர்தான் வேலி என்றால், நீர் குறையும்போது வேலி விழுந்துவிடுகிறது. திட்டுக்கும் கரைக்கும் இடையிலுள்ள ஓடை முழங்காலளவுக்கு வற்றினால் போதும். நாய்களும் நரிகளும் ஒரே இரவில் நடந்து வந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. பகலில் மேய வரும் கால்நடைகள் மிதிக்கின்றன. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மேலே அணையிலிருந்து திடீரென நீர் திறக்கப்பட்டால், தாழ்வான திட்டுகள் முட்டைகளோடு மூழ்கிவிடும். பறவைக்கு வேண்டியது அதிக நீரோ குறைந்த நீரோ அன்று. மார்ச் முதல் ஜூன் வரை சீராக ஓடும் நீர்.

அந்தச் சீர்மை ஏற்கெனவே குலைந்துள்ளது. காந்தி சாகர், ராணா பிரதாப் சாகர், ஜவாஹர் சாகர் ஆகிய அணைகளும் கோட்டா தடுப்பணையும் 1960 முதல் 1970-களின் தொடக்கத்துக்குள் அடுத்தடுத்துச் செயல்பாட்டுக்கு வந்தன. தடுப்பணையின் இருபுறக் கால்வாய்களும் ராஜஸ்தான், மத்தியப் பிரதேச வயல்களுக்கு நீரைக் கொண்டுசெல்கின்றன. கோடையில் தடுப்பணையைத் தாண்டி ஆற்றில் விடப்படும் நீர் மிகக் குறைவு. கீழே சரணாலயத்தில் ஓடுவது பெருமளவு காளிசிந்து, பார்வதி முதலிய துணையாறுகள் கொடுக்கும் நீர்.

இதனால்தான் திருத்தப்பட்ட பார்வதி–காளிசிந்து–சம்பல் இணைப்புத் திட்டத்தைப் பறவை ஆர்வலர்கள் கவலையுடன் நோக்குகின்றனர். கிழக்கு ராஜஸ்தான் கால்வாய்த் திட்டத்தையும் உள்ளடக்கிய இதற்கு மத்திய அரசும் இரு மாநிலங்களும் 2024 ஜனவரியில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன; அதே ஆண்டு டிசம்பரில் ஜெய்ப்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. துணையாறுகளின் நீரைத் தடுத்து, கிழக்கு ராஜஸ்தானின் வறண்ட மாவட்டங்களுக்கும் மத்தியப் பிரதேசத்தின் மால்வா, சம்பல் பகுதிகளுக்கும் குடிநீராகவும் பாசனமாகவும் கொண்டுசெல்வதே நோக்கம். அந்தத் தேவை பொய்யன்று. கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் கிராமங்களிடம் ஒரு பறவையின் முட்டையைக் காட்டி வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. எடுக்கப்போவது மழைக்கால உபரி நீர் மட்டுமே என்றால் பாதிப்பு குறையலாம். ஆனால் கோடையில் ஆற்றில் குறைந்தபட்சம் எவ்வளவு நீர் ஓட வேண்டும், அதை யார் அளப்பது, குறைந்தால் யார் பொறுப்பு என்பவை எழுத்தில் உறுதிசெய்யப்படாவிட்டால், உபரி என்ற சொல் வறட்சி ஆண்டில் பொருளிழந்துவிடும்.

மற்றோர் இழப்பு மணல். சரணாலயத்துக்குள் மணல் அள்ளுவதற்குத் தடை உண்டு. ஆயினும் தோல்பூர், மொரேனா, பிண்ட் மாவட்டங்களில் மணல் டிராக்டர்கள் குறித்த செய்திகள் ஓய்வதில்லை. 2012 மார்ச் மாதம் மொரேனா மாவட்டத்தில், சட்டவிரோதமாகக் கல் ஏற்றிச் சென்ற டிராக்டரைத் தடுக்க முயன்ற இளம் ஐ.பி.எஸ். அதிகாரி அதே டிராக்டரால் நசுக்கப்பட்டு உயிரிழந்தார். வனக் காவலர்கள் எத்தகைய இடத்தில் வேலை செய்கின்றனர் என்பதற்கு அது போதுமான சான்று. மணலை எடுத்துவிட்டால் ஸ்கிம்மர் மட்டுமன்றி, அதே கரைகளில் முட்டையிடும் கரியாலும், உலகில் வேறெங்கும் இந்த அளவுக்கு எஞ்சியிராத செம்முடி ஆமையும் இடமிழக்கும். ஆற்றுப்படுகையில் கோடையில் வெள்ளரி, தர்பூசணி பயிரிடும் சிறு விவசாயிகளின் நிலை வேறு. அவர்கள் நிலமற்றவர்கள், அவர்களை மணல் கொள்ளையரோடு ஒரே பட்டியலில் வைப்பது நியாயமாகாது.

பலன் தந்துள்ள ஒரு முயற்சி எளிமையானது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், கரையோரக் கிராமத்தினரையே கூடு காவலர்களாக நியமித்துப் பயிற்சி அளித்தது. முட்டையிடும் மாதங்களில் அவர்கள் திட்டுகளுக்கு எதிரே தங்கி, நாய்களையும் கால்நடைகளையும் விரட்டுகின்றனர், கூடுகளை எண்ணுகின்றனர். ஆனால் ஆறே வற்றிக் கரையோடு சேர்ந்துவிட்ட திட்டைக் காவலரால் மட்டும் காக்க இயலாது.

செல்ல விரும்புவோருக்கு

வலசை வரும் வாத்துகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஸ்கிம்மர்களைக் காணக் குளிர்காலத்தின் முடிவும் மார்ச் மாதமும் சிறந்தவை. வெயில் ஏறுமுன் காலை 7 மணிக்கே படகில் இருப்பது நன்று. டெல்லி–ஆக்ரா–குவாலியர் ரயில் பாதையில் தோல்பூரிலும் மொரேனாவிலும் இறங்கலாம். படகுச் சவாரிக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு தேவை. சரணாலயம் மூன்று மாநிலங்களுக்கு உரியது என்பதால் ஒரு கரையில் பெற்ற சீட்டு எதிர்க்கரைக்குச் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மணல்திட்டில் இறங்கக் கூடாது. படமெடுப்பதற்காகப் படகை அருகே கொண்டுசெல்லுமாறு படகோட்டியை வற்புறுத்துவதும் கூடாது. மறுத்தால் கூலி போய்விடுமோ என்று அவர் தயங்கக்கூடும். பறவைகள் தலையைத் தூக்கிக் குரலெழுப்பத் தொடங்கினால், படகு ஏற்கெனவே எல்லை மீறிவிட்டது என்று பொருள்.

ஜூன் இறுதியில் பருவமழை தொடங்கி ஆறு பெருகும்போது திட்டுகள் மூழ்கிவிடுகின்றன. அதற்குள் இறகு முளைத்துப் பறக்கப் பழகிய குஞ்சுகளே தப்புகின்றன. ஏப்ரலில் முதல் முட்டைகளை இழந்து மீண்டும் முட்டையிட்ட சோடிகளின் குஞ்சுகளுக்கு அந்த அவகாசம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தப்பியவை மழைக்காலத்தில் ஆற்றை விட்டு வெளியேறிச் சிதறுகின்றன. அவற்றின் இனத்தைக் குளிர்காலத்தில் குஜராத் கடற்கரையிலும் ஆந்திரத்தின் காக்கிநாடா கழிமுகத்திலும் காண முடிகிறது.