மின்னஞ்சலில் வரும் படங்கள்: கேட்ட பின்பே திறக்கட்டும்

வீட்டுத்திட்டம், காணி, வெளிநாட்டு வேலை என்று முன்பின் அறியாதவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தால் அவதானமாக இருங்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத புள்ளியளவு படம் ஒன்று இருக்கலாம். கடிதத்தைத் திறந்ததும் அந்தப் படம் அனுப்பியவரின் கணினியிலிருந்து தானாக வரும். நீங்கள் திறந்த நேரம் அங்கே பதிவாகும். உங்கள் முகவரி பாவனையில் உள்ளதென அறிந்து அவர் மேலும் தொடரலாம். 2013 டிசெம்பர் முதல் ஜிமெயில் இப்படங்களைக் கூகுளின் கணினிகள் ஊடாகக் காட்டுகிறது. இது உங்கள் இருப்பிடத்தை மறைக்கும். கடிதம் திறக்கப்பட்டதை மறைக்காது.

ஜிமெயில் செயலியின் அமைப்புகளில் உங்கள் கணக்கைத் தொட்டு, படங்கள் பகுதியில் ‘காட்டுமுன் கேள்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். தெரியாதவரின் படத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டாம். உறவினர் இணைப்பாக அனுப்பும் படங்களுக்கு இதனால் தடையில்லை.

உதவித்திட்டம் உண்மையா என்பதை நெடுங்கேணியிலுள்ள வவுனியா வடக்கு பிரதேச செயலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.