உட்கார்ந்தே வளரும் பிள்ளைகள்

தாராவியின் ஓரறை வீட்டிலோ பெங்களூரின் நெருக்கமான சந்திலோ வளரும் தமிழ்ப் பிள்ளையின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆட்டோவில் அமர்ந்து பள்ளிக்குப் போகிறான். மாலைவரை பெஞ்சு. பிறகு டியூஷன். வீடு திரும்பியதும் கைப்பேசி. விளையாட இடமில்லை; வெளியே அனுப்பப் பெற்றோருக்குப் பயம். பிள்ளை தொந்தரவின்றி ஒரே இடத்தில் இருக்கிறானே என்று தாய்க்கும் ஒரு நிம்மதி. நம்மில் பலர் ஊரில் வளர்ந்தபோது தண்ணீர் எடுக்கவும், கடைக்கு ஓடவும், ஆட்டை அவிழ்த்துக் கட்டவும் அனுப்பப்பட்டோம். அதை உடற்பயிற்சி என்று ஒருவரும் அழைக்கவில்லை.

இந்த அசையாமை பிள்ளையின் உடலை மட்டுமல்ல, மனதையும் பாதிக்கக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று சான்று தருகிறது. 2020-ஆம் ஆண்டு 'லான்செட் சைக்கியாட்ரி' மருத்துவ இதழில் வெளியான அதில், 4,257 பிள்ளைகள் 12, 14, 16 வயதுகளில் அசைவை அளக்கும் சிறு கருவியைச் சில நாட்கள் அணிந்திருந்தார்கள். 18 வயதில் அவர்களுடைய மனச்சோர்வு அளவிடப்பட்டது. 12 வயதில் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 7 மணி 10 நிமிடம் அசையாதிருந்தார்கள். 16 வயதில் அது 8 மணி 43 நிமிடமாயிற்று. 12 வயதில் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக அமர்ந்திருந்தவர்களுக்கு, 18 வயதில் மனச்சோர்வின் அளவு ஏறக்குறைய 11 சதவீதம் உயர்ந்திருந்தது.

ஒன்று காரணம், மற்றொன்று விளைவு என்று இது முற்றாக நிரூபித்துவிடவில்லை. மனம் சோர்ந்த பிள்ளையும் மூலையில் ஒதுங்கி அமருவதுண்டு. ஆயினும் ஒரு காரியம் சிந்திக்க வைக்கிறது. அந்தக் கருவிக்குக் கைப்பேசியும் பாடப்புத்தகமும் ஒன்றே. அது அசைவை மட்டுமே அறியும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் கடைக்குப் போவதையும் நிறுத்தி, பிள்ளையை நாற்காலியோடு கட்டிப்போடும் நாம் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆறுதலான செய்தியும் அதே ஆய்வில் உண்டு. மெதுவாக நடத்தல், வீட்டு வேலை போன்ற இலேசான அசைவு தினமும் ஒரு மணி நேரம் கூடியவர்களிடம் மனச்சோர்வின் அளவு 8 முதல் 11 சதவீதம்வரை குறைந்து காணப்பட்டது. மைதானமில்லாத நம் வீடுகளுக்கு இது பெரிய காரியம் அல்லவா? 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது உண்மையே. அது கூடாத நாளிலும் இலேசான அசைவு வீணல்ல.

ஆகவே பிரியமான பெற்றோரே, குடத்தையும் துடைப்பத்தையும் மகளிடம் மட்டும் கொடுக்காமல் மகனிடமும் கொடுங்கள். அருகிலுள்ள சபைக்கு ஆட்டோ பிடிக்காமல் குடும்பமாக நடந்து போங்கள். ஒரு மணி நேரம் படித்த பிள்ளையை மாடிக்குத் துணி எடுக்க அனுப்புங்கள். படிப்பு கெட்டுவிடாது.

ஆனால் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணவேண்டாம். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பிள்ளை தூக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, நண்பர்களை ஒதுக்கி, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால் அதைச் சோம்பல் என்றோ விசுவாசக் குறைவு என்றோ கடிந்துகொள்ளாதீர்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். இந்தி தெரியாத தாயும் தயங்கவேண்டியதில்லை; அதில் தமிழிலும் பேசலாம்.