செத்த மாடும் மூன்றாவது வாக்கும்

ஆரணிச் சாலை – 14

போன வாரம் தாது வருஷப் பஞ்சத்தில் ஆரணித் தறிகள் நின்றுபோனதோடு நிறுத்தியிருந்தேன். படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுபடி சொல்ல இடமில்லை. இந்த வாரம் சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். போய்ச் சேர மாட்டோம் போலிருக்கிறது. வழியில் ஒரு செத்த மாடு கிடக்கிறது.

அதற்கு முன் ஒரு வாசகருக்குப் பதில். “பட்டுச்சேலை ஊரைப் பற்றி எழுத ஆரம்பித்து, ஏன் சார் பாதிரிமார் பின்னாலேயே அலைகிறீர்கள்?” என்று போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். பஞ்சம் வந்தால் முதலில் படுப்பது தறி. சோற்றுக்கே வழியில்லாதபோது யார் சேலை எடுப்பார்கள்? நெசவாளி சாலை போடும் வேலைக்குப் போய்க் கல் உடைக்கலாம்தான். ஆனால் கல் உடைத்த கையைப் பட்டு ஏற்றுக்கொள்ளாது. புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைப்பவரின் விரல்களை ஆரணியில் பார்த்திருப்பீர்கள். சாம்பலைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டே போவார். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த விரலில் சொரசொரப்பு ஏறினால் இழை சிக்கும், பிசிறும். அதனால் நெசவாளி கல் உடைக்கப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பான். சேரிக்காரனுக்கு அந்த யோசனைக்கும் இடமில்லை. ஒரே ஊர், ஒரே பஞ்சம், இரண்டு தெருவுக்கும் பட்டினி வந்த விதம் வேறு. ஆரணிப் பக்கத்துக் கிறிஸ்தவம் வேர் பிடித்தது பெரும்பாலும் இரண்டாவது தெருவில். அதனால்தான் பாதிரிமார் பின்னால் அலைகிறேன்.

சரி, மாட்டுக்கு வருகிறேன். அதற்கு ஒரு மிஷன் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆற்காடு மிஷனை 1853-ல் தொடங்கியவர்கள் ஸ்கடர் சகோதரர்கள் மூவர்: ஹென்றி, வில்லியம், ஜோசப். அப்பா ஜான் ஸ்கடர், 1819-ல் இலங்கைக்கு வந்து இறங்கிய அமெரிக்க மருத்துவர். அவருடைய மகன்களில் ஏழு பேர் மிஷனரிகள் ஆனார்கள். ஆரணி இந்த மிஷனின் பழைய நிலையங்களில் ஒன்று. இன்றைய தென்னிந்தியத் திருச்சபையின் வேலூர் பேராயத்துக்கு மூலம் இந்த மிஷன்தான்.

1860-களின் தொடக்கத்தில் இந்த மிஷன் ஒரு விதி வைத்தது. ஒரு கிராமத்தில் குறைந்தது மூன்று குடும்பங்களாவது சேர்ந்து வந்தால் போதும், போதிக்க ஆள் அனுப்பத் தயார். வருகிறவர்கள் மூன்று வாக்குக் கொடுக்க வேண்டும். விக்கிரகங்களை விடுவது முதலாவது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இரண்டாவது. மூன்றாவது, தானாகச் செத்த மாட்டின் கறியைத் தின்பதில்லை என்பது.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. விசுவாசப் பிரமாணம், திரித்துவம், ஞானஸ்நானம் என்று என்னென்னவோ கேட்டிருக்கலாம். கேட்டது கறியைப் பற்றி!

முதல் வாக்கைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கென்னவோ அதுதான் மூன்றிலும் சுலபம் என்று தோன்றுகிறது. இரண்டாவதைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏர் பூட்ட வரமாட்டேன் என்று ஒரு படியாள் சொன்னால் பண்ணையார் வீட்டில் என்ன நடந்திருக்கும்? ஓய்வுநாளை ஆசரிப்பது நமக்குக் காலை ஆராதனையும் மதியம் பிரியாணியும். அவனுக்கு அது வேலை நிறுத்தம். அளந்து போடும் படி நின்றுபோகும்.

மூன்றாவது இன்னும் ஆழம். ஊரில் மாடு செத்தால் அதைத் தூக்கிப் போவது சேரியின் மீது சுமத்தப்பட்ட கடமை. கறியும் தோலும் அதற்குக் கூலி மாதிரி. கறி வேண்டாம் என்றால், அடுத்து ‘தூக்கவும் மாட்டேன்’ என்ற பேச்சு வருமா வராதா? மிஷனரிகள் இதை மோசேயின் நியாயப்பிரமாணமாக நினைத்தார்களோ என்னவோ. உபாகமம் 14:21-ல் தானாய் இறந்ததைப் புசிக்கத் தடை இருக்கிறது. அதே வசனம் அதை வாசலில் இருக்கும் பரதேசிக்குக் கொடுத்துவிடலாம் என்றும் சொல்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டாம் பாதி பைபிள் வருவதற்கு முன்பே மனப்பாடம். 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் தன் மக்களிடம் செத்த மாட்டிறைச்சியை விடுங்கள் என்று கேட்டபோது, அவர்கள் நிமிர்ந்து நிற்பதற்காகவே கேட்டார். ஆரணிப் பக்கத்து மூன்று குடும்பங்கள் அறுபது வருஷத்துக்கும் முன்பே, வேறு ஒரு காரணம் சொல்லி, அந்த வாசலில் நின்றிருக்கின்றன.

இப்போது 1876-க்கு வாருங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. மனிதனுக்கு முன்னால் மாடு சாகும். வைக்கோல் தீர்ந்ததும் அதன் கதை முடிந்தது. எப்போதோ ஒரு நாள் கிடைத்த கறி இப்போது வழியெல்லாம் கிடக்கிறது. பானையில் அரிசி இல்லை. கொடுத்த வாக்கு இருக்கிறது.

அரசாங்கம் என்ன செய்தது? 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக்கியது. அதே மாதம் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம், அதுவும் நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது சாவுக்கூலி என்ற பொருளில் எழுதி எழுதிச் சண்டை பிடித்தார். பிறகு கொஞ்சம் ஏறியது.

கஷ்டத்தில் விசுவாசம் என்றால் நம் பிரசங்கிமாருக்கு உடனே ஓரியூர் அருளானந்தர் வருவார், ஆரல்வாய்மொழி தேவசகாயம் வருவார். வாளும் துப்பாக்கியும். பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் கடைசிக் கேள்வி ஒரு முறைதான் கேட்கப்பட்டது. மூன்றாவது வாக்குக் கொடுத்தவளிடம் தினமும் சாயங்காலம் கேட்கப்பட்டது. கேட்டது அவள் பிள்ளை. அவர்களில் எத்தனை பேர் வாக்கைக் காப்பாற்றினார்கள் என்று யாராவது கடிதம் போட்டுக் கேட்டால் நான் பதில் எழுத மாட்டேன். பட்டினி கிடந்தவளிடம் கணக்குக் கேட்க நான் யார்? ஒரு நாள் தோற்று மறுநாள் திரும்ப ஜெபத்துக்கு வந்திருந்தாலும் அவள் விசுவாசிதான் என்பது என் கட்சி.

இன்னொரு பேச்சும் உண்டு: இவர்கள் கஞ்சிக்கு மதம் மாறியவர்கள் என்று. பஞ்சத்துக்குப் பிறகு மாகாணம் முழுக்கச் சபைகள் பெருகியது உண்மை. அதற்கு ஓங்கோலில் ஒரு பதில் இருக்கிறது. ஜான் கிளஃப் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, நில அளவை தெரிந்த மனிதர். பஞ்ச காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்று மைலுக்கு மேல் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பசித்து வந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். சென்னைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டும் அதே கால்வாய்தான், ஆந்திரப் பக்கம். வேலைக்கு வந்தவர்கள் ஞானஸ்நானம் கேட்டார்கள். நிவாரணம் முடியும்வரை கிடையாது என்று சொல்லிவிட்டார். மழை பெய்து, கூலி நின்று, கொடுக்கக் கையில் எதுவும் இல்லாத நேரத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். 1878 ஜூலை 3-ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். ஆறு போதகர்கள், ஒரு நேரத்துக்கு இருவராக மாறி மாறி நின்று, நடுவில் மதிய வெயிலுக்கு நிறுத்தி முழுக்குக் கொடுத்தார்கள். 

அதே பஞ்சத்தில் வேலூரில் ஸ்கடர் குடும்பத்துப் பேத்தி ஒருத்தி இருந்தாள், 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவள். ரொட்டியைப் பிய்த்துப் பிள்ளைகளின் வாயில் வைக்கும் வேலை அவளுக்கு. கையில் வாங்கித் தின்ன அந்தப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை. வளர்ந்ததும் இந்தியாவே வேண்டாம் என்றிருந்தாள். அப்புறம் திண்டிவனத்தில் ஓர் இரவு, பிரசவத்தில் தவித்த மூன்று பெண்கள், வேலூரில் ஒற்றைக் கட்டில் மருத்துவமனை என்று போகும் கதை உங்களுக்கே தெரியும். ஐடா ஸ்கடர். எல்லோரும் அந்த இரவைச் சொல்கிறார்கள். நான் அந்த ரொட்டியிலிருந்து ஆரம்பிப்பேன்.

பக்கம் முடிகிறது, ஆசிரியர் வாட்ஸ்அப்பில் கடிகாரப் படம் அனுப்பியிருக்கிறார். சேத்துப்பட்டும், பாரிஸ் வேதபோதக சபையின் தரஸ் சுவாமியும் அடுத்த வாரம். அதற்குள் யாரும் எனக்குப் புதுப் புத்தகம் அனுப்பிவிடாதீர்கள்.

(தொடரும்)