குளத்து மீனும் வயற்றவளையும்: பரம்பரை வேறுபாட்டின் பயன்

கோடையில் வற்றிய குளம் மாரியில் நிறையும்போது மீன்கள் மீண்டும் பெருகுவதைக் கமக்காரர் யாவரும் அறிவர். தொகை திரும்பியதும் மீனினம் முன்போலாகிவிட்டது என்று கருதுவது வழக்கம். ஆயினும் தொகை மீண்டபோதும் பிழைக்கும் வலிமை மீளாதிருத்தல் கூடும். பரம்பரை வேறுபாடு குன்றுதலே இதற்குக் காரணமாகும்.

பரம்பரை வேறுபாடு

ஓரினத்து உயிர்கள் தோற்றத்தில் ஒத்திருப்பினும், அவற்றின் பரம்பரை அலகுகள் முற்றும் ஒத்தனவல்ல. ஒன்று நோயைத் தாங்கும். மற்றொன்று வெப்பத்தைத் தாங்கும். வேறுபாடு மிகுந்த கூட்டத்தில், இடர் நேரினும் சில தப்பிப் பிழைக்கும். ஒரு சிலவற்றிலிருந்து மட்டும் பெருகிய கூட்டத்திலோ, நெருங்கிய உறவுள்ளவை கூடுவதால், மறைந்துகிடந்த குறைகள் குஞ்சுகளில் வெளிப்படும்.

மெக்சிக்கோவிற் கண்ட உண்மை

மெக்சிக்கோவின் சொனோரா மாநிலத்து ஓடைகளில் குஞ்சு ஈனும் சிறு மீன்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு வகை ஆணும் பெண்ணும் கூடி இனம் பெருக்குவது. அதனுடன் வாழும் மற்றொரு வகையிற் பெண் மட்டுமே உண்டு. முதல் வகை ஆணின் விந்து அதன் முட்டையைத் தூண்டுமேயன்றி, தந்தையின் இயல்பு குஞ்சுக்குச் செல்வதில்லை. ஆகவே குஞ்சுகள் யாவும் தாயின் படிகளேயாம்.

1976ஆம் ஆண்டின் கடும் வரட்சியில் ஓடையின் மேற்பகுதிக் குட்டையொன்று வற்றியது. நீர் வந்தபின் ஒரு சில மீன்களே அங்கு குடியேறிப் பெருகின. அதனால் கூடி இனம் பெருக்கும் வகை பரம்பரை வேறுபாட்டை இழந்தது. தோலிற் கரும்புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணிப் புழுவினாற் பெரிதும் பீடிக்கப்பட்டது. மற்றைய குட்டைகளிலோ, தொகையில் மிகுந்த படிவகை மீன்களே அவ்வாறு பீடிக்கப்பட்டிருந்தன. 1983இல் ஆராய்ச்சியாளர், வேறுபாடு மிக்க 30 பெண் மீன்களைக் கீழ்ப்பகுதியிலிருந்து கொணர்ந்து அக்குட்டையில் விட்டனர். அதன்பின் அவ்வகை மீண்டும் பெருகியது. ஒட்டுண்ணியின் தாக்கமும் குறைந்தது. இம்முடிபுகளை லைவ்லி முதலிய அறிஞர் 1990இல் வெளியிட்டனர்.

தவளைகளின் நிலை

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத் தவளைகளைப் பற்றிய ஆய்வு 1997இல் வெளிவந்தது. வீதிகளாலும் கட்டிடங்களாலும் பிரிக்கப்பட்ட நகரக் குட்டைகளின் தவளைகளில் பரம்பரை வேறுபாடு நாட்டுப்புறத் தவளைகளினும் குறைவாயிருந்தது. அவற்றின் வாற்பேத்தைகளில் இறப்பும் வளர்ச்சிக் குறைபாடும் மிகுந்திருந்தன.

கமக்காரர் செய்யத்தக்கவை

தவளை வயலின் பூச்சிகளைத் தின்னும். சிறு மீன் நுளம்பின் குடம்பிகளைத் தின்னும். இவற்றின் வலிமை குன்றாதிருக்கப் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. குளத்தைத் தூரகற்றும்போது, கோடையிலும் நீர் தங்கத்தக்க ஆழமான பகுதியொன்றை விடுக.

2. குளங்களையும் வயல்களையும் இணைக்கும் வாய்க்கால்களை அடைத்துவிடற்க. இவ்வழியாகவே வேற்றிடத்து மீனும் தவளையும் வந்து கலக்கும்.

3. நஞ்சிட்டு மீன் பிடித்தலாகாது. பூச்சிநாசினியை விதித்த அளவுக்கு மேல் தெளித்தலும், தெளிகருவியை நீர்நிலையிற் கழுவுதலும் தவிர்க்கப்படல் வேண்டும்.

4. அந்நிய மீன்களையும், தொலைவிடத்துத் தவளைகளையும் குளத்தில் விடற்க. அவற்றுடன் புதிய நோய்களும் வந்து சேரும்.

தொகை நல்ல மழையொன்றினால் மீளும். இழந்த வேறுபாடோ, உறவற்ற கூட்டத்திலிருந்து புதியன வந்து சேர்ந்தாலன்றி விரைவில் மீளாது. ஆதலால் அவை வந்து சேரும் நீர்வழிகளைக் காத்தல் இன்றியமையாதது.