பக்க விளைவாகப் பிறந்த மருந்து

“கல்யாணமானா தானா போயிடும்.” புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் முகப்பருவுக்கு முதலில் கிடைக்கும் வைத்தியம் இந்த வாக்கியம்தான். சொல்பவர் அத்தையாக இருக்கலாம், எதிர் வீட்டு அக்காவாக இருக்கலாம். இரண்டாவது வைத்தியம், “உடம்புச் சூடு, மாம்பழத்தைத் தொடாதே.” மூன்றாவது, மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஒரு சின்ன டியூப். ஆஸ்பத்திரி நான்காவதாகத்தான் வரும். அதற்குள் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதாகியிருக்கும். கல்யாணமும் முடிந்திருக்கும். பரு மட்டும் போயிருக்காது.

இத்தனைக்கும் இங்கே ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. பாகூர் கொம்யூனுக்குள்ளேயே பிள்ளையார்குப்பத்தில் ஒன்று, கிருமாம்பாக்கத்தில் ஒன்று என இரண்டு மருத்துவக் கல்லூரிகள். வில்லியனூர்ப் பக்கம் ராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவமனையின் கிராமப்புற சுகாதார மையம். பஸ் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மரே இருக்கிறது. தூரம் தடையில்லை, ஒரு நாள் கூலிதான் தடை. பருவுக்காக யார் வேலையை விட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் நிற்பார்கள்?

பதினைந்து வயதில் நெற்றியிலும் மூக்கிலும் பொரிப்பொரியாக வருவது வயசுப் பரு. ஹார்மோன் பரு என்று தோல் மருத்துவர்கள் சொல்வது பெரும்பாலும் வேறு இடத்தில், வேறு மாதிரி வரும். தாடை ஓரம், முகவாய், கழுத்தின் மேல்பக்கம். வெளியே முனை தெரியாது. உள்ளே கல் மாதிரி உருண்டிருக்கும், தலையணையில் கன்னம் பட்டாலே வலிக்கும். மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு கிளம்பி, அடங்கும்போது கறுப்புத் தழும்பை விட்டுவிட்டுப் போகும்.

இதற்கும் மாம்பழத்துக்கும் உள்ள உறவு மிகக் கொஞ்சம். தோலுக்கடியில் முடிக்காலோடு ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன்களின் கட்டளைக்குக் காத்திருப்பவை. 1941ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹாமில்டன் இதைக் காட்டினார். பருவ வயதுக்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை, அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் வருகிறது. ‘ஆண் ஹார்மோன்’ என்று பெயர் வைத்துவிட்டதால் பெண்ணுடம்பில் அது இல்லையென்று ஆகிவிடாது. சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைச் சிறிதளவு சுரந்துகொண்டேதான் இருக்கின்றன. கட்டளை வந்ததும் எண்ணெய் கூடுகிறது, துளை அடைபடுகிறது, அடைபட்ட எண்ணெயில் பாக்டீரியா பெருகுகிறது, உடம்பு அதை எதிர்த்துச் சண்டையிடும் இடம் சிவந்து வீங்குகிறது.

ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் பலர் குழம்பிப்போகிறார்கள். பரு வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு நார்மல்தான் வரும். ஹார்மோன் கூடுதலாக இல்லை, சுரப்பிக்குத்தான் காது கூர்மை. மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது, முகவாயில் முடி, கழுத்து மடிப்பில் தேய்த்தாலும் போகாத கறுப்பு ஆகியவையும் சேர்ந்திருந்தால் கதை வேறு. ஊரில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ்.ஸாக இருக்கலாம். அங்கே பரு வெறும் முகப்பிரச்சினை இல்லை, பின்னால் வரக்கூடிய சர்க்கரை நோய்க்கான முன்னறிவிப்பும்கூட. கழுத்துக் கறுப்பைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பெண்களிடம் இதைச் சொல்ல ஆளில்லை.

சரி, டாக்டர் சீட்டு எழுதுகிறார். ஸ்பைரோனோலாக்டோன். மெடிக்கல்காரர் அதைப் பார்த்துவிட்டு, “இது பி.பி. மாத்திரையாச்சே, இதய நோய்க்குக் கொடுப்பாங்க, யாருக்கும்மா?” என்கிறார். கூட வந்த அம்மாவுக்கு வயிற்றில் புளி கரைகிறது. டாக்டர் மாற்றி எழுதிவிட்டாரா? இல்லை. மெடிக்கல்காரர் சொன்னதும் பொய்யில்லை. 1950களின் கடைசியில் சேர்ல் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் இதை உருவாக்கியது உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றத்தான். இதயமும் கல்லீரலும் பழுதாகிக் கால் வீங்கியவர்களுக்கு இன்றும் இது கொடுக்கப்படுகிறது. ஆனால் சாப்பிட்ட ஆண்கள் சிலருக்கு மார்பு பெண்களைப்போல வளர ஆரம்பித்தது. மருந்து, ஆண்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பது பிறகு புரிந்தது. 1978ல், ரத்த அழுத்தத்துக்காக இதை எடுத்துக்கொண்ட, நீர்க்கட்டியும் இருந்த ஒரு பெண்ணுக்கு முகத்து முடி குறைந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆண்களுக்குத் தொல்லையாக இருந்த அதே குணம் பெண்களின் பருவுக்கு மருந்தாயிற்று. ஆக, இந்த மாத்திரையைப் பொறுத்தவரை விளைவு எது, பக்க விளைவு எது என்பது யார் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம். பருவுக்கென்று இதற்குத் தனி அங்கீகாரம் கிடையாது, அனுபவத்தின் பேரில் தோல் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். அட்டைப்பெட்டியிலிருக்கும் தாளில் பரு என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது.

நீண்ட காலம் அனுபவத்தை நம்பியே ஓடியதற்கு 2023ல் நல்ல சான்று வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பரு இருந்த 410 பெண்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் ஆறு வாரம் தினம் 50 மில்லிகிராம், பிறகு 100. பன்னிரண்டு வாரத்தில் ‘பரு குறைந்திருக்கிறது’ என்று சொன்னவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 72 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 68 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. இருபத்து நான்காம் வாரத்தில் கேட்டபோது 82க்கு 63. மூன்றாம் மாதம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ‘சுத்த வேஸ்ட்’ என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டவர், அது வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் தூக்கிப் போட்டிருக்கிறார். இந்த ஆறு மாதக் கணக்கைச் சீட்டின் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆறு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் தொல்லைகளைச் சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தாளில் ‘அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரிடும்’ என்று ஒரு வரி இருக்கும். நகரத்து அலுவலகத்தில் இருப்பவருக்கு அது ஒரு வரிதான். பாகூர் வயலில் நடவு நடும் பெண்ணுக்கும், நூறு நாள் வேலையில் ஏரி வாய்க்கால் தூர்வாரும் பெண்ணுக்கும், கம்பெனி பஸ்ஸில் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்குப் போகிறவருக்கும் அது அன்றாடப் பிரச்சினை. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் காலம்காலமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் தீர்வு, தண்ணீர் குடிக்காமலிருப்பது. நீரை வெளியேற்றும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கத்திரி வெயிலில், தண்ணீரும் குடிக்காமலிருந்தால் குனிந்து நிமிரும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்துவார்கள், தண்ணீர் குடிக்காததை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வேலை விட்டு வந்து, சாப்பிட்டதும் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டாலே போதும், வேளையை மாற்றித் தருவார். ஆனால் எந்த வேலை செய்கிறாய், அங்கே கழிப்பறை இருக்கிறதா என்று அவரும் கேட்க வேண்டும், இவளும் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட ஓ.பி.யில் இரண்டும் நடப்பதில்லை.

இன்னொன்று மாதவிடாய். நாள் தப்பி வரும், நடுவில் திட்டுத்திட்டாகப் படும். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. மாதம் இரண்டு தடவை விலகி உட்கார வேண்டி வந்தால் மாமியார் கேள்வி கேட்பார், தள்ளிப்போனால் வேறு கேள்வி. ஆபத்தில்லாத விளைவுதான். அளவைக் குறைத்தோ கருத்தடை மாத்திரையைச் சேர்த்தோ டாக்டர் சீர்செய்துவிடுவார். மார்பில் வலியும் தலைவலியும் வரலாம். மேலே சொன்ன ஆய்வில் தலைவலி வந்தவர்கள் நூற்றுக்கு இருபது பேர். அதோடு, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இளநீர் குடிக்கலாமா? தென்னந்தோப்பு உள்ள ஊரில் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஸ்பைரோனோலாக்டோன் சோடியத்தை விரட்டி, பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம். ரத்தத்தில் அது எல்லை மீறினால் இதயத்தின் தாளம் கெடும். மருந்தெதுவும் இல்லாமலே, வெயிலில் டென்னிஸ் ஆடிவிட்டு ஒரே நாளில் இரண்டரை லிட்டருக்கு மேல் இளநீர் குடித்து மயங்கி விழுந்த அமெரிக்கர் ஒருவரைப் பற்றி 2014ல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது. அதைப் படித்துவிட்டுத் தோப்புப் பக்கமே போகாமலிருக்க வேண்டியதில்லை. பருவுக்காக இந்த மாத்திரை சாப்பிட்ட 974 ஆரோக்கியமான இளம் பெண்களின் ரத்தத்தை 1,802 முறை சோதித்த முடிவுகள் 2015ல் வெளிவந்தன. பொட்டாசியம் கூடியிருந்தது 13 முறை மட்டும், அதுவும் லேசாக. மாத்திரை சாப்பிடாதவர்களிடமும் ஏறக்குறைய அதே விகிதம்தான். எனவே சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளம் பெண்ணுக்கு எப்போதாவது ஓர் இளநீர் பயமுறுத்தும் பொருளல்ல. சிறுநீரகக் கோளாறு இருப்பவர், வயது கூடியவர், பி.பி.க்கு வேறு மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோர் விஷயம் வேறு. இளநீரைவிட நான் கவலைப்படுவது கோட்ரைமாக்சசோல் பற்றி. சிறுநீர்க் கடுப்புக்கு எழுதப்படும் சாதாரண மாத்திரை, ஆனால் அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் பருவுக்குச் சாப்பிடும் மாத்திரையின் அட்டையைக் கையில் கொண்டுபோவது நல்லது.

எல்லோருக்கும் முதலிலேயே ஸ்பைரோனோலாக்டோன் எழுதப்படுவதில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சில வாரங்களுக்குக் கிடைக்கலாம். வெயிலில் நிற்பவர்களின் தோலை அது சீக்கிரம் கன்ற வைக்கும், களையெடுக்கப் போகிறவர் சொல்லிவிட வேண்டும். ஒரு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரமாவது படுக்காமல் இருப்பது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு ஆன்டிபயாடிக்கைக் கட்டிப்போட்டுவிடும். இரத்தசோகை அதிகமுள்ள நம் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு டாக்ஸிசைக்ளின் இப்படி வீணாகிறதோ!

கருத்தடை மாத்திரையும் பருவுக்கு நல்ல மருந்துதான். கல்யாணமாகாத பெண்ணின் பையில் அந்த அட்டை இருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. அம்மாவை உள்ளே கூப்பிட்டு டாக்டரே சொல்லிவிடுவது உத்தமம். கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், இவை இந்த மாத்திரையால் அரிதாக ரத்தம் உறைவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணில் மின்னல் வெட்டி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வழக்கமான கலப்புக் கருத்தடை மாத்திரை கூடாது.

இத்தனை பக்க விளைவையும் கேட்டுப் பயந்தவர்கள் ஒதுங்கும் இடம்தான் அந்த மூன்றாவது வைத்தியம், மெடிக்கல் டியூப். பூசிய நான்காம் நாள் முகம் வெளுத்துப் பளபளக்கும். பரு அமுங்கும். எந்தத் தொல்லையும் இல்லை. அதில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு டாக்டர் சில நாட்களுக்கு எழுதித் தர வேண்டியது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, முடி முளைத்து, போன பரு கூட்டமாகத் திரும்பி வரும். நிறுத்தினாலோ முகம் தீயாய் எரியும், எனவே மறுபடி பூசுவார்கள். இந்தியாவின் பல ஊர் தோல் மருத்துவர்கள் சேர்ந்து முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை ஆராய்ந்து 2011ல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர் இப்படி ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். 2018ல் இத்தகைய களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதித்தது. விதி இருக்கிறது, கேட்டால் டியூப்பும் கிடைக்கிறது. நாலு நாளில் தொல்லையில்லாமல் குணமானால் சந்தேகப்பட வேண்டும் என்பது பருவுக்கு நன்றாகப் பொருந்தும்.

அடங்காத பருவுக்கு ஐசோட்ரெடினாயின் என்ற மாத்திரை இருக்கிறது. உதடு வெடிக்காமல் இதைச் சாப்பிட்டு முடித்தவரைப் பார்ப்பது அரிது. வாசலின் போதும். வெறும் வயிற்றில் போட்டால் பாதி உடம்பில் சேராது, கொஞ்சம் எண்ணெய்ப்பசையுள்ள சாப்பாட்டுக்குப் பிறகே போட வேண்டும். இதன் பெரிய ஆபத்து கருவில் இருக்கும் குழந்தைக்கு. மூளை, இதயம், முகம், காது என்று குறைபாடுகள் வரலாம். அதனால் சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. ஸ்பைரோனோலாக்டோனும் கர்ப்பத்தில் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியைத் தடுக்கலாம்.

இங்கேதான் அத்தையின் வாக்கியம் திரும்பி வருகிறது. எத்தனையோ வீடுகளில் பெண் பார்க்க வருவதற்கு முன் முகம் தெளிய வேண்டும் என்றுதான் மாத்திரையே ஆரம்பிக்கிறார்கள். வரன் அமைந்து தை மாதம் முகூர்த்தம் குறித்தார்களானால் அந்தக் கல்யாணத்துக்காகவே மாத்திரையை நிறுத்தவோ, மாற்றவோ, குழந்தையைத் தள்ளிப்போடவோ வேண்டி வரும். நிறுத்தினால் பரு திரும்பலாம். அப்போது கர்ப்பிணிகளும் பூசக்கூடிய அசெலாயிக் அமிலக் களிம்பு போன்றவை உண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் அதே வாரம், சீட்டு எழுதிய டாக்டரிடம் தேதியைச் சொல்லிவிட்டு வந்தால் போதும்.