ஆறு துண்டு எஃகு

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டிப் போனால் கடலோரம் கல்பாக்கம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், 9 சதவீதம் குரோமியமும் 1 சதவீதம் மாலிப்டினமும் கலந்த எஃகை உடைத்து உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஈனுலை என்னும் அணு உலையின் நீராவி ஜெனரேட்டர் அந்த எஃகில் ஆனது. ஒவ்வொரு குழாயும் 23 மீட்டர். உள்ளே தண்ணீர், வெளியே சூடான சோடியம். இரண்டும் தொட்டுக்கொள்ளவே கூடாது.

சோதனைத் துண்டு சுண்டுவிரல் அளவுதான்: 10 மி.மீ. சதுரம், 55 மி.மீ. நீளம், நடுவில் 2 மி.மீ. ஆழ வெட்டு. ஊசல் சுத்தியல் ஆடி வந்து வெட்டுக்குப் பின்புறம் அடிக்கும். சூடான துண்டு நார்நாராகக் கிழியும். உடைந்த முகம் மங்கிய சாம்பல். குளிர வைத்து அடித்தால் சடக்கென்று தெறிக்கும். முகம் கற்கண்டை உடைத்ததுபோல் மினுங்கும். சூட்டில் அணு அடுக்குகள் வழுக்கி விரிசலின் முனையை மழுக்கிவிடுகின்றன. குளிரில் அந்த வழுக்கல் சிரமம். 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்டில் அமைதியான தண்ணீரில் நின்ற ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது இப்படித்தான்.

இரண்டு நிலைக்கும் நடுவில்தான் சிக்கல். ஒரே தகட்டில் வெட்டிய துண்டுகள், ஒரே வெப்பநிலையில், ஆளுக்கொரு விடை சொல்லும். அளந்தவர் கைப்பிழை அல்ல அது. விரிசல் முனைக்கு எதிரே எங்கோ ஒரு கார்பைடு துகள் விண்டால் போதும், மொத்தமும் போய்விடும். அந்தத் துகள் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது துண்டுக்குத் துண்டு மாறும். தேரிழுக்கும் இரும்புச் சங்கிலியில் கண்ணிகள் கூடக்கூட, சொத்தைக் கண்ணி ஒன்று இருக்கும் வாய்ப்பும் கூடுமல்லவா? தடித்த எஃகு மெல்லியதைவிட எளிதில் பிளப்பதும் அதனால்தான்.

பின்லாந்தின் கிம் வாலின் இந்தச் சிதறலையே விதியாக்கினார். இந்த வகை எஃகுகள் எல்லாவற்றுக்கும், வெப்பநிலை ஏற ஏற விரிசலைத் தாங்கும் திறன் உயர்வதைக் காட்டும் வளைகோட்டின் வடிவம் ஒன்றே. இடம் மட்டும் மாறும். 25 மி.மீ. தடிமனுள்ள துண்டுகளில் அந்தத் திறனின் நடுமதிப்பு 100 (MPa√m அலகில்) ஆகும் வெப்பநிலையைக் கண்டுபிடித்தால் போதும். அந்த வெப்பநிலையில் நூற்றில் ஐந்து துண்டுகள் 62ஐ எட்டுமுன்பே உடையும், ஐந்து 136ஐயும் தாண்டி நிற்கும். தடிமனை இரட்டிப்பாக்கினால் நடுமதிப்பு 87க்கு இறங்கும். இத்தனையும் சொல்ல, குறைந்தது ஆறு நல்ல சோதனைகள் போதும்! எனக்கு இதில் தீராத வியப்பு.

அந்தச் சிக்கனம் உயிர்காக்கும் இடம் உண்டு. நியூட்ரான் பட்டுப்பட்டு உலைக்கலத்தின் எஃகு இறுகும்; வளைகோடு சூட்டுப் பக்கம் நகரும். அழுத்த நீர் உலைகளுக்குள் அதே எஃகின் சிறு துண்டுகளை முன்கூட்டியே வைத்து, ஆண்டுகள் கழித்து எடுத்து உடைக்கிறார்கள். வைக்க இடம் கொஞ்சம், துண்டுகளும் கொஞ்சம்.